டப்பா மேல ஒண்ணு, ஹால்ல ஒண்ணு: கேட்ஜெட் கேள்வி பதில்

ஆஃபர் சீசன் முடிஞ்சு நெறைய வீட்டுல புது டப்பா வந்து எறங்கியிருக்குன்னு வந்த கேள்விங்கள பாத்தாலே தெரியுது. 'எது வாங்கலாம்'னு கேட்டவங்கள விட 'வாங்கிட்டேன், இப்ப என்ன பண்றது'ன்னு கேட்டவங்கதான் ஜாஸ்தி, அதனால அவங்களுக்கே முதல் இடம். மாடல் பேரெல்லாம் எடுத்துட்டேன், விஷயம் எல்லா கம்பெனிக்கும் பொதுதான்.

கே: சார், பழைய 32 இன்ச் டிவிய பேத்தி ரூமுக்கு அனுப்பிட்டு ஹாலுக்கு 55 இன்ச் 4கே வாங்கினேன். கேபிள் சேனல் எல்லாம் பழசுல இருந்தத விட மோசமா தெரியுது. ஏமாந்துட்டேனா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: இல்லீங்க அய்யா, டிவி நல்லாத்தான் இருக்கு, அதுக்குள்ள போற சிக்னல்தான் பத்தல. நீங்களே கணக்கு போட்டு பாருங்க, கேபிள்ல வர்ற சாதா எஸ்டி சேனல்னா 720-க்கு 576, சுமாரா 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளி. உங்க புது டிவில இருக்கறது 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். அதாவது வர்ற ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி இருபது புள்ளி போட்டாகணும், அதுல பத்தொம்பது டிவி தானா ஊகிச்சு போடறது. பழைய 32 இன்ச் பெரும்பாலும் 1366-க்கு 768 தான், அங்க ஒண்ணுக்கு ரெண்டரை போட்டா போதும், அதுவும் சின்ன ஸ்க்ரீன்ல தப்பு கண்ணுக்கே தெரியாது. இது போதாதுன்னு ஒரே வயர்ல நூத்துக்கணக்கான சேனல அனுப்பணும்னு ஒவ்வொண்ணையும் நல்லா அமுக்கித்தான் அனுப்பறாங்க, அதான் கிரிக்கெட் போட்டா புல்லு தெரியாம வெறும் பச்சையா நிக்குது, டான்ஸ் வந்தா மொகம் கட்டம் கட்டமா உடையுது.

இப்ப செய்ய வேண்டியது. முதல்ல செட்டாப் பாக்ஸுக்கு பின்னாடி போய் பாருங்க, மஞ்சள் வெள்ளை சிவப்புன்னு மூணு வயர் மாட்டியிருந்தா (மாட்டிக் குடுக்க வர்ற பசங்க பழைய வயரயே சொருகிட்டு போறது ரொம்ப சகஜம்) அத கழட்டிட்டு எச்டிஎம்ஐ கேபிள் போடுங்க. பாக்ஸ்ல எச்டிஎம்ஐ ஓட்டையே இல்லன்னா அது பழைய எஸ்டி பாக்ஸ், கேபிள்காரர்ட்ட சொல்லி எச்டி பாக்ஸ் மாத்தறத தவிர வேற வழி இல்ல. எச்டி பாக்ஸ் இருந்தும் எச்டி சேனலுக்கு காசு கட்டலன்னா பழைய எஸ்டிதான் வரும். எல்லாத்துக்கும் எடுக்கணும்னு அவசியமில்ல, வீட்டுல நெஜமா ஓடறது நாலஞ்சு சேனல்தான், அத மட்டும் தனித்தனியா போட்டுக்கலாம். அப்புறம் டிவி செட்டிங்ஸ்ல 'டைனமிக்' 'விவிட்'னு இருந்தா 'ஸ்டாண்டர்டு' இல்லன்னா 'சினிமா'வுக்கு மாத்திட்டு ஷார்ப்னஸ நல்லா கொறைச்சிடுங்க, இல்லாத விவரத்த கூர்மையாக்கறேன்னு அது அழுக்கத்தான் கூர்மையாக்கும். பழைய ப்ரோக்ராம்ல ஆளுங்க எல்லாம் குண்டா தெரிஞ்சா பிக்சர் சைஸ 4:3-ல விட்டுடுங்க, ரெண்டு பக்கம் கருப்பு வந்தா வரட்டும்.

தூரமும் ஒரு விஷயம். நல்ல 4கே படத்துக்கு 55 இன்ச்சுக்கு அஞ்சரை அடியில இருந்து ஏழு அடி வரைக்கும் ஒக்காந்தா சரியா இருக்கும், ஆனா எஸ்டி சேனல அந்த தூரத்துல பாத்தா கண்ணு வலிக்கும். நியூஸ் பாக்கறப்ப சாய்வு நாற்காலிய பின்னாடி தள்ளி போட்டுக்குங்க.

கே: ஓஎல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி... கடைக்காரர் சொன்னதுல தலை சுத்துது. கணவர் ஓஎல்இடிதான் வேணும்ங்கறார். பகல் பூரா டிவி மாமியார் கையில, ராத்திரிதான் எங்களுக்கு.
– ஐடி ஊழியை, கோயம்புத்தூர்

ப: இந்த மூணு பேர்ல க்யூஎல்இடிங்கறது சாதா எல்சிடி டிவிதான், பின்னாடி எரியற லைட்டுக்கு முன்னாடி குவான்டம் டாட்னு ஒரு ஃபிலிம் வச்சு கலர நல்லா பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான். மினி எல்இடியும் எல்சிடிதான், ஆனா பின்னாடி இருக்கற லைட்ட ரொம்ப குட்டி குட்டியா ஆக்கி பகுதி பகுதியா பிரிச்சு, இருட்டான எடத்துல மட்டும் கொறைக்கற மாதிரி பண்ணியிருக்காங்க. எத்தன பகுதிங்கறதுலதான் காசு போகுது, அத டப்பா மேல போடாத கம்பெனிகிட்ட நான் 'ஏன் போடல'ன்னுதான் மொதல்ல கேப்பேன். ஓஎல்இடி வேற ஜாதி, பின்னாடி லைட்டே கெடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும் தானா அணையும், அதனால கருப்புன்னா நெஜமாவே கருப்பு. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு படம் பாத்தா இதுக்கு ஈடு எதுவும் இல்ல, உங்க வீட்டுக்காரர் சொல்றதுல தப்பே இல்ல.

ஆனா உங்க வீட்டு டிவிய நெஜமா ஆளப்போறது மாமியார்தானே! காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சேனல், மூலைல அந்த சேனல் சின்னம் அசையாம நிக்கும், நடுவுல நியூஸ் வச்சா கீழ செவப்பு பட்டை. ஓஎல்இடில இப்படி ஒரே எடத்துல மாசக்கணக்கா ஒரே படம் நின்னா அந்த புள்ளிங்க மட்டும் சீக்கிரம் தேஞ்சு நிழலா தங்கிடும். புது மாடல்ங்கள்ல இது ரொம்ப கொறைஞ்சிருக்கு, படத்த லேசா நகத்திக்கிட்டே இருக்கும், டிவி ஸ்டான்ட்பைல இருக்கறப்ப தன்னத்தானே சரி பண்ணிக்கற வேலையும் ஓடும். இங்கதான் நம்ம ஊர் பழக்கம் குறுக்க வருது: நாம ரிமோட்ல அணைச்ச கையோட செவுத்துல மெயின் சுவிட்சயும் அணைச்சிடுவோம், அப்ப அந்த வேலை ஓடவே ஓடாது. மாமியார்ட்ட போய் 'சுவிட்ச அணைக்காதீங்க அத்தை'ன்னு தெனமும் சொல்ல முடியும்னா ஓஎல்இடி வாங்குங்க. என்ன கேட்டா உங்க ஹாலுக்கு மினி எல்இடி. பகல் வெளிச்சத்துல நல்லா தெரியும், ராத்திரிக்கும் மோசமில்ல, மிச்சமாகற காசுக்கு சவுண்டு பாத்துக்கலாம்.

இன்னும் ரெண்டு விஷயம். சாம்சங் டிவி எதுலயும் டால்பி விஷன் (வெளிச்சத்தையும் இருட்டையும் சீனுக்கு சீன் சரி பண்ற ஒரு முறை) கெடையாது, அவங்க அதே வேலைய பண்ற எச்டிஆர்10 ப்ளஸ் பக்கம். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் கண்டுபுடிக்கறது கஷ்டம், அத வச்சு முடிவெடுக்க வேணாம். அப்புறம் 2025 செப்டம்பர் 22-ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்கற டிவிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 பர்சென்ட் ஆயிடுச்சு, அதையே 'எங்க கடை ஸ்பெஷல் தள்ளுபடி'ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு மேல கொறைக்க சொல்லுங்க. கடைல எல்லா டிவியும் ஷோரூம் மோட்ல கண்ணு கூசற மாதிரி ஓடும், ரிமோட்ட வாங்கி சினிமா மோட் போட்டு ஒரு ராத்திரி சீன் ஓட்ட சொல்லி பாருங்க, அப்ப தெரியும் எது பேசுது எது முழிக்குதுன்னு.

கே: அண்ணே, படம் பாக்கறப்ப வசனமே கேக்க மாட்டேங்குது, சத்தத்த கூட்டினா சண்டை சீன்ல பிள்ளை முழிச்சுக்குது, ரிமோட்ட கீழ வைக்க முடியல. டப்பால 'அட்மாஸ்'னு பெருசா போட்டிருந்த 2.1 சவுண்ட்பார் வாங்கினேன், அப்பவும் இதே கதைதான்.
– இல்லத்தரசி, திருச்சி

ப: இந்த கேள்வி இந்த தடவை மட்டும் நாலஞ்சு ஊர்ல இருந்து வந்திருக்கும்மா, உங்க காதுல கோளாறு எதுவும் இல்ல. படத்துக்கு சவுண்டு கலக்கறது தியேட்டர மனசுல வச்சு. அங்க ஸ்க்ரீனுக்கு பின்னாடி நடுவுல ஒரு ஸ்பீக்கர் இருக்கும், வசனம் கிட்டத்தட்ட முழுசும் அதுலதான் வரும், மியூசிக்கும் அடிதடியும் பக்கத்து ஸ்பீக்கருங்களுக்கு போயிடும். உங்க வீட்டுல அந்த நடு ஸ்பீக்கரே இல்லையே. டிவில இருக்கறது ரெண்டு, அதுவும் டிவி ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கர கீழயோ பின்னாடியோ பாத்த மாதிரி வச்சுட்டாங்க. அஞ்சு ஸ்பீக்கருக்கு பிரிச்சு வச்சத ரெண்டுல போட்டு கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒரே நேரத்துல எல்லாரையும் ஒக்கார வச்சா வசனத்துக்கு எலையே கெடைக்காது.

2.1-னு போட்டிருந்தா எடது, வலது, ஒரு சப்வூஃபர், இதான் அர்த்தம். நடு ஸ்பீக்கர் இல்ல. நீங்க வாங்கியிருக்க வேண்டியது 3.1, அதுல நடுவுல தனியா ஒண்ணு இருக்கும், வசனத்துக்காகவே. மூணாவதா ஒரு நம்பர் வந்தா, உதாரணத்துக்கு 3.1.2-னா, அந்த கடைசி ரெண்டு மேல பாத்து அடிக்கற ஸ்பீக்கர், அதுதான் அட்மாஸுக்கு, அதாவது சத்தம் தலைக்கு மேல இருந்தும் வர்ற மாதிரி பண்ற டால்பி முறைக்கு. அட்மாஸ் 2012-ல தியேட்டருக்கு வந்தது, அங்க 64 ஸ்பீக்கர் வரைக்கும் தனித்தனியா ஓட்ட முடியும், அத ரெண்டு ஸ்பீக்கர் பார்ல குடுக்கறோம்னு சொன்னா அது உள்ள இருக்கற சிப்பு பண்ற ஜாலம்தான். மேல பாத்து அடிக்கற ஸ்பீக்கர் இருந்தாலும் சவுண்டு கூரைல மோதி திரும்பி வரணும், அதுக்கு சமமான சிமெண்டு தளம் வேணும், ஓட்டு வீடா இருந்தா அந்த காச வேற எதுக்காவது வச்சுக்கலாம். வாட்ஸ் கதை இன்னும் மோசம், டப்பா மேல பெருசா போட்டிருக்கற நம்பர விட்டுட்டு பின்னாடி சின்ன எழுத்துல ஆர்எம்எஸ்னு (விடாம குடுக்கக்கூடிய வாட்ஸ்) இருக்கறத மட்டும் படிங்க.

இப்ப திருப்பி குடுக்க முடியாதுங்கறதால, இருக்கறத வச்சு என்ன பண்ணலாம்னு பாப்போம். பார எப்படி மாட்டியிருக்கீங்க? ப்ளூடூத்லன்னா மொதல்ல அத நிறுத்துங்க, ஒதட்டசைவுக்கும் சத்தத்துக்கும் நடுவுல இடைவெளி விழும். ஆப்டிகல் வயர்னா பரவால்ல, ஆனா அதுல அட்மாஸ் போகவே போகாது. டிவி பின்னாடி எச்டிஎம்ஐ ஓட்டைங்கள்ல ஒண்ணே ஒண்ணுக்கு பக்கத்துல மட்டும் ஏஆர்சி இல்லன்னா இஏஆர்சின்னு (டிவி சத்தத்த பாருக்கு அனுப்பற வழி) எழுதியிருக்கும், பார்ல இருந்து வர்ற கேபிள் அதுலதான் போகணும், பக்கத்து ஓட்டைல சொருகினா சத்தமே வராது. அடுத்தது, ஓடிடி ஆப்ல படம் ஓடறப்ப ஆடியோன்னு ஒரு எடம் இருக்கும், தமிழ், தமிழ் 5.1-னு ரெண்டு இருந்தா 5.1 இல்லாதத எடுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்குன்னு அவங்களே கலந்து வச்சது அது, உங்க பார் கலக்கறத விட நல்லா இருக்கும். பார் ரிமோட்ல 'நைட்' 'வாய்ஸ்' 'டயலாக்'னு எதாவது பட்டன் இருந்தா போடுங்க, பெரிய சத்தத்த அமுக்கி சின்ன சத்தத்த தூக்கும், பிள்ளை தூங்கற வீட்டுக்கு இத விட்டா வேற மருந்தில்ல. சப்வூஃபர மூலைல வச்சிருந்தா வெளிய இழுத்து வச்சு அளவயும் பாதியா கொறைங்க, மூலைல வச்சா பேஸ் ஊதிக்கிட்டு வசனத்த முழுங்கிடும், கீழ் வீட்டுக்காரங்களும் சண்டைக்கு வருவாங்க.

கே: புது டிவில படம் எல்லாம் மெகா சீரியல் ஷூட்டிங் பாக்கற மாதிரி வழவழன்னு ஓடுது. டிவி கெட்டு போச்சா?
– மளிகைக்கடைக்காரர், நாகர்கோவில்

ப: கெடல, ரொம்ப புத்திசாலித்தனம் பண்ணுதுண்ணே! சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம்லதான் எடுக்கறாங்க, டிவி நடுவுல நடுவுல இல்லாத ஃப்ரேம தானா தயார் பண்ணி சொருகுது. சோனில மோஷன்ஃப்ளோ, எல்ஜில ட்ரூமோஷன், சாம்சங்ல ஆட்டோ மோஷன் ப்ளஸ் இல்லன்னா பிக்சர் கிளாரிட்டின்னு பேரு, பேர்தான் வேற வேலை ஒண்ணுதான். அணைச்சுடுங்க. ஹாலிவுட்ல டாம் க்ரூஸே 2018-ல ஒரு வீடியோ போட்டு 'தயவு செஞ்சு இத அணைச்சுட்டு படம் பாருங்க'ன்னு கேட்டாரு, அடுத்த வருஷமே 'ஃபிலிம்மேக்கர் மோட்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, உங்க டிவில அது இருந்தா ஒரே அழுத்துல முடிஞ்சுது. கிரிக்கெட் பாக்கறப்ப மட்டும் வேணும்னா கொஞ்சமா வச்சுக்குங்க, ரொம்ப வச்சா பந்து ஓடறப்ப பின்னாடி வால் மொளைக்கும்.

கே: ப்ரோ, ஹாஸ்டல் ரூமுக்கு ஆன்லைன்ல ஒரு ப்ரொஜெக்டர் பாத்தோம், '4கே சப்போர்ட், 9000 லூமன்ஸ், 200 இன்ச்'னு போட்டிருக்கு, விலை ஆறாயிரத்து சொச்சம். நாலு பேர் காசு போட்டு வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

ப: தம்பி, ஒரு 20 வாட் எல்இடி ட்யூப்லைட்டே சுமாரா 2000 லூமன்தான் குடுக்கும். ஆறாயிரம் ரூபா டப்பா நாலு ட்யூப்லைட்டுக்கு மேல வெளிச்சம் குடுக்குதுன்னா அத ப்ரொஜெக்டரா வாங்கக்கூடாது, தெரு விளக்கா வாங்கலாம். நெஜ கணக்கு 'ஆன்சி லூமன்ஸ்'ங்கறது, ஸ்க்ரீன்ல ஒன்பது எடத்துல அளந்து சராசரி எடுக்கறது. இந்த விலைல நான் போட்டு பாத்தது எல்லாமே 200 ஆன்சிய சுத்தித்தான் இருக்கும்னு தோணுது, ஜன்னல மூடி லைட்ட அணைச்சா 80 இன்ச் வரைக்கும் ஜாலியா இருக்கும், ட்யூப்லைட்ட போட்டா செவுரு மட்டும்தான் தெரியும். 4கே சப்போர்ட்னா 4கே ஃபைல உள்ள வாங்கிக்கும், வெளிய விடறது வேற, 'நேட்டிவ் ரெசல்யூஷன்'னு எங்க போட்டிருக்குன்னு தேடுங்க. அதுல 720பி-ன்னு பாத்தா அதான் உண்மை.

பெரிய பிரச்சனை இன்னொண்ணு, அத யாரும் சொல்றதில்ல. ஓடிடி கம்பெனிங்க எச்டி குடுக்கணும்னா அந்த கருவில வைட்வைன் எல்1-னு ஒரு பூட்டு சர்டிஃபிகேட் இருக்கணும், இந்த மாதிரி பேர் தெரியாத ப்ரொஜெக்டர்ல எல்3 தான் இருக்கும், அப்ப நெட்ஃப்ளிக்ஸ் ஆப் வந்தாலும் 480பி தான் ஓடும், பல சமயம் ஆப்பே வராது. அதனால வாங்கறதா இருந்தா நேட்டிவ் 1080பி இருக்கறதா பாத்து வாங்கி ஓடிடி ஆப் ஓட்டற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒண்ண தனியா எச்டிஎம்ஐ-ல சொருகிக்குங்க. லென்ஸுக்கு உள்ள பக்கம் மூடி இருக்கான்னும் பாருங்க, மூடாத டிசைன்ல தூசி உள்ள போய் கொஞ்ச நாள்ல ஹீரோயின் கன்னத்துல மரு வந்து நிக்கும், அத தொடைக்க மொத்தத்தையும் பிரிக்கணும். ஃபேன் சத்தம் இருக்கும், ஸ்பீக்கர் சுமார். நாலு பேரும் சேந்து இன்னொரு ரெண்டு மாசம் காசு சேத்தா கெடைக்கறது வேற லெவல்ல இருக்கும்ங்கறது என் கட்சி.

கே: நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் வாங்கினேன், பஸ்ல ஹாரன் சத்தம் அப்படியே கேக்குது. டுபாக்கூரா?
– தாம்பரம் டு பாரிமுனை தெனசரி பயணி

ப: உள்ள இருக்கற மைக் வெளிச்சத்தத்த கேட்டு அதுக்கு நேர் எதிரான அலைய உருவாக்கி ரெண்டையும் அடிச்சுக்க வைக்குது, இதான் அந்த வித்தை. இன்ஜின் உறுமல், ஏசி, ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற கீழ் சுதி சத்தத்துக்கு இது பிரமாதம். திடீர்னு அடிக்கற ஏர் ஹாரனுக்கும் பக்கத்து சீட்டு அக்கா ஃபோன் பேசறதுக்கும் ரொம்ப ஒண்ணும் பண்ணாது. அதுக்கு காதுல மாட்டற அந்த ரப்பர் முனை சரியான சைஸ்ல இருக்கணும், டப்பால மூணு சைஸ் குடுக்கறது அதுக்குத்தான், பாதி பேர் அந்த பையவே பிரிக்கறதில்ல. எறங்கி ரோடு தாண்டறப்ப கழட்டிடுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரைக்கும், ஃபோன்லயே இந்த கணக்கு காட்ட ஒரு செட்டிங் இருக்கும், போட்டு வச்சுக்குங்க. டப்பால எல்டிஏசின்னு (ப்ளூடூத்ல பாட்ட நல்ல தரத்துல அனுப்பற ஒரு முறை) போட்டிருக்கறத பாத்து ஐஃபோன்காரங்க சந்தோஷப்பட வேணாம், அதுல அது வேலை செய்யாது.

கே: எங்க அப்பச்சி வச்சிருந்த கிராமபோன் தட்டுங்க ஒரு பெட்டி நெறைய இருக்கு, கொஞ்சம் கனமான பழசு, கொஞ்சம் பெரிய எல்பி. இப்ப சூட்கேஸ் மாதிரி ப்ளூடூத்தோட வருதே, அந்த ப்ளேயர்ல போட்டு கேக்கலாமா?
– காரைக்குடி வாசகி

ப: காரைக்குடில இருந்து இந்த கேள்வி வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல கிராமபோன் தட்டு வித்தவர்தான், அப்புறம் மெட்ராஸ்ல கூட்டாளிங்களோட சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பிச்சு தட்டே போட ஆரம்பிச்சாங்க. உங்க பெட்டில அந்த காலத்து தட்டு எதாவது இருந்தாலும் இருக்கும், லேபிள நல்லா பாருங்க.

அந்த கனமான தட்டு நிமிஷத்துக்கு 78 சுத்து, அரக்குல செஞ்சது, ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம்தான் ஓடும். எல்பி வினைல்ல செஞ்சது, 33 சுத்து. ரெண்டோட கோடும் ஒண்ணு இல்ல, 78-ல கோடு அகலம், அதுக்கு ஊசியும் தடியா வேணும், எல்பி ஊசிய விட நாலு மடங்கு பெருசு. சூட்கேஸ் ப்ளேயர்ல 78 ஸ்பீடு இருக்கும், ஆனா ஊசி பெரும்பாலும் எல்பி ஊசிதான், அது அகலமான கோட்டுக்கு அடியில போய் அங்க இருக்கற அழுக்கத்தான் பாடும். இன்னொரு பக்கம் அதுல ஊசிய புடிச்சிருக்கற செராமிக் கார்ட்ரிட்ஜ் அஞ்சாறு கிராம் எடையோட தட்டு மேல அழுத்தும், நல்ல ப்ளேயர்ல ரெண்டு கிராம்தான். புதுசா வாங்கின தட்டுன்னா போனா போகுதுன்னு விடலாம், அப்பச்சி தட்ட அதுல வச்சு தேய்க்காதீங்க. ஊசி தட்டு மேல அழுத்தற எடைய கூட்டி கொறைக்கற மாதிரி கை இருக்கற, ஊசிய மாத்திக்கற மாதிரியான ப்ளேயரா பாத்து, 78-க்கு தனி ஊசி வாங்கி வச்சுக்குங்க, செலவு ஜாஸ்திதான்.

அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, கண்டிப்பா படிங்க: தட்டு அழுக்கா இருக்குன்னு ஸ்பிரிட், சானிடைசர் போட்டு தொடைச்சிடாதீங்க. வினைலுக்கு ஓரளவு தாங்கும், அரக்கு அதுல கரைஞ்சே போயிடும். சுத்தமான தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, மெல்லிசு துணி, லேபிள் நனையாம. அடுக்கறப்ப ஒண்ணு மேல ஒண்ணா படுக்க போடாம நிக்க வச்சு அடுக்குங்க, வெயில் படற எடத்துல வேணவே வேணாம்.

கே: டிவிக்கு ஸ்டெபிலைசர் வேணுமா வேணாமா?
– திருநெல்வேலி வாசகர்

ப: டிவி பின்னாடி ஸ்டிக்கர்ல 100-240 வோல்ட்னு இருந்தா வோல்டேஜ் கொறையறதுக்காக வேணாம், அதுவே சமாளிச்சுக்கும். டிவிய கொல்றது கொறைஞ்ச கரண்ட் இல்ல, கூடின கரண்ட். தெரு கம்பத்துல நியூட்ரல் அந்து போனா வீட்டுக்குள்ள 400 வோல்ட் வரைக்கும் வர வாய்ப்பு இருக்கு, உங்க ஏரியால அது நடக்கும்னா ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்கற ஒண்ணு போடுங்க, எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன கூப்பிட்டு பாத்துடுங்க. இடி இடிக்கறப்ப ப்ளக்க மட்டும் புடுங்கினா பத்தாது, டிஷ்ல இருந்தோ கேபிள்ல இருந்தோ வர்ற வயரயும் புடுங்கணும், நெறைய டிவி போனது அந்த வழியாத்தான்.

கே: 300 எம்பிபிஎஸ் நெட் போட்டும் டிவில 4கே வர மாட்டேங்குது.
– ஓசூர் வாசகர்

ப: நெட்ஃப்ளிக்ஸ் அவங்களே 4கே-க்கு கேக்கறது 15 எம்பிபிஎஸ்தான், உங்க லைன் போதும் போதும்னு இருக்கு. மொதல்ல உங்க பிளான்ல 4கே இருக்கான்னு பாருங்க, கம்மி பிளான்ல குடுக்க மாட்டாங்க. இருக்குன்னா வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மாட்டியிருந்தா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, இல்ல ரவுட்டர்ல இருந்து லேன் வயர் இழுங்க. காஸ்ட்லி டிவிலயே லேன் ஓட்டை 100 எம்பிபிஎஸ்தான் இருக்கும், பயப்படாதீங்க, படத்துக்கு அது தாராளம்.

கே: எப்ப பாத்தாலும் வாங்காதீங்க வாங்காதீங்கன்னே சொல்றீங்களே, சமீபத்துல கையில எடுத்து பாத்ததுல எதுதான்யா புடிச்சுது?
– கோவமான வாசகர், ஈரோடு

ப: கேட்டீங்களே ஒரு கேள்வி! கண்ணுல மாட்டற டிஸ்ப்ளே கண்ணாடி புடிச்சுது. கூலிங் க்ளாஸ் மாதிரிதான் இருக்கும், உள்ள ரெண்டு கண்ணுக்கும் குட்டி குட்டியா ஓஎல்இடி, ஃபோன்ல வயர சொருகினா எதுக்க ஒரு பெரிய ஸ்க்ரீன் அந்தரத்துல நிக்குது, ராத்திரி ரயில்ல அப்பர் பெர்த்துல படுத்துக்கிட்டு படம் பாக்க இத விட சொகம் எனக்கு தெரியல. எழுத்து ஓரத்துல கொஞ்சம் மங்கும், மூக்கு மேல கனம் தெரியும், பவர் கண்ணாடி போடறவங்க உள்ள மாட்ட தனியா லென்ஸ் செய்யணும். வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கங்க, ஃபோன்ல டைப்-சி ஓட்டை இருந்தா போதாது, அதுல வீடியோ வெளிய வரணும், பட்ஜெட் ஆண்ட்ராய்டு பலதுல வராது, ஐஃபோன்ல 15 மாடல்ல டைப்-சி வந்தப்ப சேந்து வந்துச்சு.

செவுத்துக்கு ஒட்டினாப்ல வச்சே 100 இன்ச் காட்டற லேசர் ப்ரொஜெக்டரும் அசத்துது, ஆனா செவுரு லேசா மேடு பள்ளமா இருந்தாலும் படம் அலையடிக்கும், அதுக்குன்னு தனி ஸ்க்ரீன் வாங்கணும், மொத்தமா கூட்டினா நான் வேடிக்கை பாத்துட்டு வந்துட்டேன்.

கே: பழைய ஸ்மார்ட் டிவி ரிமோட்ட அமுக்கினா காபி போட்டு குடிச்சுட்டு வந்தப்புறம்தான் அசையுது. மாத்திடவா?
– சேலம் வாசகி

ப: படம் தெளிவா தெரியுதுன்னா மாத்தாதீங்க, பேனல் நல்லாத்தான் இருக்கு, உள்ள இருக்கற கம்ப்யூட்டர்தான் கிழடாயிடுச்சு. பாதி டிவிங்கள்ல ஒண்ணு ஒன்றரை ஜிபி ரேமும் எட்டு ஜிபி எடமும்தான், ஆப்பு எல்லாம் வருஷா வருஷம் பெருத்துக்கிட்டே போகுது. பாக்காத ஆப்ப தூக்குங்க, அதுக்கும் சரியாகலன்னா ஃபேக்டரி ரீசெட், அதுக்கும் ஆகலன்னா ஒரு நல்ல ஸ்டிக் வாங்கி சொருகுங்க. ஸ்டிக்குக்கு கரண்ட டிவி யுஎஸ்பில இருந்து எடுக்காதீங்க, அது பத்தாம நடு நடுவுல அணைஞ்சு அணைஞ்சு எரியும், டப்பால குடுத்த அடாப்டர செவுத்துலயே மாட்டுங்க. கடைல இதோட சேத்து தங்க முலாம் பூசின எச்டிஎம்ஐ கேபிள் மூவாயிரம்னு நீட்டுவாங்க, ஸ்டிக்கு நேரா டிவிக்குள்ளயே போகுது, உங்களுக்கு கேபிளே வேணாம்.